வக்துக்கு நடுவுல இருக்குற வேலை நேரம்

காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சா வாழ்க்கையே மாறிடும்னு யூடியூப்ல ஒரு கூட்டம் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருக்கு. எங்க தெரு பள்ளிவாசல் மோதினார்கிட்ட போய் இதச் சொன்னா மனுஷன் என்ன நினைப்பார்னு யோசிச்சா சிரிப்புதான் வருது, ஏன்னா அந்த வீடியோ போடுறவர் அலாரத்த ஆஃப் பண்றதுக்குள்ள இவர் எந்திரிச்சு ஒளு செஞ்சு மைக்க ஆன் பண்ணி ஊரையே எழுப்பிவிட்டு டீயும் குடிச்சு முடிச்சிருப்பார். இப்போ நம்ம பசங்களும் இதுல இறங்கிட்டாங்க. விடியக்காலை பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சா மூளை ஷார்ப் ஆகும், நெத்திய தரைல வச்சு சஜ்தா செஞ்சா தலைக்கு ரத்த ஓட்டம் நல்லாருக்கும், நோன்பு வச்சா வெயிட் குறையும், அப்படி இப்படின்னு ரீல்ஸ். இருக்கலாங்க, நான் டாக்டர் இல்ல. ஆனா தொழுறது அதுக்கில்லையே. தொழுகைய வேலைக்கு டானிக் மாதிரி ஆக்கிட்டோம்னு வைங்க, ஒரு நாள் நல்லா எட்டு மணி வரைக்கும் தூங்கி எந்திரிச்சு அன்னைக்கு வேலையும் பிரமாதமா ஓடிருச்சுன்னா அப்புறம் தொழுகை எதுக்குன்னு மனசு கேட்டுடும். அதான் எனக்கு அந்த ரீல்ஸ் மேல கடுப்பு.

நான் பாக்குறது தலைகீழா. வேலைக்கு நடுவுல தொழுகைய எங்க சொருகுறதுன்னு யோசிக்காம, அஞ்சு வக்த, அதாவது பஜ்ரு (விடியல்), லுஹர் (மதியம்), அஸர் (சாயந்தரம்), மஃரிப் (சூரியன் மறைஞ்சதும்), இஷா (ராத்திரி)ங்குற அஞ்சு தொழுகை நேரத்த, மொதல்ல நட்டு வச்சிட்டு அதுக்கு நடுவுல இருக்குற இடத்துல வேலைய வைக்கிறது. குர்ஆன்ல சூரா நிஸாவுல 103-ஆவது வசனத்துல தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமைன்னே வருது, அப்போ ஒரு நாளோட எலும்புக்கூட்ட நாம உக்காந்து டிசைன் பண்ண வேண்டியதில்ல, அது ஏற்கனவே குடுத்தாச்சு. நமக்கு மிச்சம் இருக்குற கேள்வி எந்த இடைவெளில எந்த வேலைங்குறது மட்டும்தான். இத ஒரு பெரிய தத்துவமா சொல்லல, திருச்சில ஒரு சின்ன ஆபீஸ் வச்சு ஜிஎஸ்டி ஃபைலிங்கும் கணக்கும் பாக்குற ஆளு நான், என் பொழப்பு பூராவும் கடைசித் தேதிதான். வித்த கணக்கு காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 மாசம் 11-ஆம் தேதிக்குள்ள, வாங்கின பில்லுக்கு எவ்ளோ வரி கழிச்சுக்கலாம்னு காட்டுற 2பி லிஸ்ட்டு 14-ஆம் தேதி வரும், வரி கட்டுற 3பி 20-ஆம் தேதிக்குள்ள. ஒரு நாள் தள்ளிப் போனா பார்ட்டிக்கு (நம்மகிட்ட கணக்கு குடுக்குறவருக்கு) ஒவ்வொரு நாளைக்கும் 50 ரூபா லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரி மேல வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி வேற. இப்படி ஒரு தொழில்ல இருந்துக்கிட்டு அஞ்சு வேளையும் வக்துல தொழுறது எப்படின்னு நெறைய பேர் கேக்குறாங்க, குறிப்பா புதுசா வேலைக்குச் சேந்த தம்பிங்க. அதுக்காகத்தான் இந்த போஸ்ட்.

இந்த விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கு, யாரும் கண்டுக்குறதில்ல. லண்டன்ல இருக்குறவங்களுக்கு ஜூன் மாசம் மஃரிப்பே ராத்திரி ஒன்பதரை மணிக்கு, இஷா தொழுதுட்டு படுத்தா கொஞ்ச நேரத்துல பஜ்ரு வந்துடும், டிசம்பர்ல அப்படியே உல்டா, லுஹர் அஸர் மஃரிப் மூணும் மதிய சாப்பாட்டு நேரத்துலேருந்து நாலு மணிக்குள்ள அடுக்கா வந்து நிக்கும், ஆபீஸ் போறவன் என்ன செய்வான். திருச்சில மஃரிப் நவம்பர்ல அஞ்சே முக்கால், அஞ்சு அம்பது வாக்குல, ஜூலைல ஆறு நாப்பது வாக்குல, வருஷம் பூரா ஒரு மணி நேரத்துக்குள்ளதான் ஆட்டம். சூரியன் உச்சில நிக்குறது நவம்பர் ஆரம்பத்துல 12 மணிய ஒட்டி, பிப்ரவரில பன்னெண்டரைய ஒட்டி. அவ்ளோதான் வித்தியாசம். ஒரு தடவ நம்ம நாள அமைச்சுக்கிட்டா வருஷம் பூரா ஒரு அரை மணி இப்படி அப்படி நகத்தினா போதும், அல்ஹம்துலில்லாஹ். இதக் கூட வச்சுக்கிட்டு நேரமே இல்லன்னு பொலம்புனா நியாயமே இல்ல.

பஜ்ருலேருந்து ஆரம்பிப்போம், ஏன்னா என் வேலைல பாதி அங்கதான் முடியுது. ஸக்ர் அல் காமிதின்னு ஒரு ஸஹாபி (நபியோட தோழர்), வியாபாரி. என் உம்மத்துக்கு (சமுதாயத்துக்கு) அதோட அதிகாலைல பரக்கத் (அபிவிருத்தி) செய் யா அல்லாஹ்னு ரசூலுல்லாஹ் (ஸல்) துஆ கேட்டத அறிவிச்சவரு அவருதான், திர்மிதி, அபூதாவூதுங்குற ரெண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புலயும் இருக்கு. எனக்கு அந்த ஹதீஸ்ல பிடிச்சது அதோட வால்தான். இத அறிவிச்ச அந்த ஸக்ரு தன்னோட வியாபாரக் கூட்டத்த காலைலேயே அனுப்பி வைப்பாரு, நல்ல பணக்காரரா ஆனாருன்னு சேர்த்தே எழுதி வச்சிருக்காங்க. கேட்டதோட விடல, தன்னோட சரக்கயும் சீக்கிரம் அனுப்பிருக்காரு பாருங்க! எங்க ஊரு காந்தி மார்க்கெட்டுக்கு ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க, ராத்திரி வந்த லாரியெல்லாம் இறக்கி ஹோல்சேல் யாவாரம் களைகட்டிக்கிட்டு இருக்கும், நாம பல் தேச்சுட்டு வர்ற நேரத்துக்கு அங்க கல்லா கட்டியாச்சு. அதிகாலைய நம்பிப் பொழைக்கிறவங்க அங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க. நமக்கு மட்டும் அது தூங்குற நேரமா போனது எப்படின்னு தெரியல.

நான் ஜமாஅத் (பள்ளிவாசல் கூட்டுத் தொழுகை) முடிஞ்சு வந்து கொஞ்ச நேரம் குர்ஆன் ஓதுவேன், அதிகமில்ல. அப்புறம் லேப்டாப். இந்த நேரத்துல நான் பண்றது எல்லாத்துலயும் மண்டை காயுற வேலை எதுவோ அது. கணக்குத் தொழில்ல இருக்குறவங்களுக்குப் புரியும், 2பில வந்த பில்லையும் பார்ட்டி குடுத்த பர்ச்சேஸ் பில்லையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாக்குறது இருக்கே, நடுவுல ஒரு ஃபோன் வந்தா போச்சு, எந்த வரில இருந்தோம்னே தெரியாது. ஆனா காலைல ஆறு மணிக்கு யாரு ஃபோன் பண்ணப் போறா. எட்டு மணி வரைக்கும் உக்காந்தா, பகல்ல நாலு மணி நேரம் எடுக்குறத முடிச்சிடலாம். அந்த நேரத்துல வாட்ஸப்ப தொறக்கவே கூடாது, இது ஒண்ணுதான் கண்டிஷன். சலாம் சொல்ற குட் மார்னிங் ஃபார்வர்டு கூட வேணாம், பூப்போட்ட படத்துல துஆ எழுதி வந்தாலும் சரி, பத்து மணிக்குப் பாத்துக்கலாம், துஆ எங்கயும் ஓடிப் போகாது.

பஜ்ருக்கு எந்திரிக்கவே முடியல பாய்ங்குறவங்களுக்கு நான் ஒரு பதில்தான் வச்சிருக்கேன், பிரச்சனை காலைல இல்ல, ராத்திரில இருக்கு. ரசூலுல்லாஹ் (ஸல்) இஷாவுக்கு முன்னாடி தூங்குறதையும் இஷாவுக்கு அப்புறம் பேசிக்கிட்டு உக்காந்திருக்குறதையும் விரும்ப மாட்டாங்கன்னு புகாரிங்குற ஹதீஸ் தொகுப்புல வருது, அபூ பர்ஸா (ரலி) சொல்றது. விருந்தாளிய கவனிக்கிறது, பொண்டாட்டியோட பேசுறது, படிக்கிறது, இதுக்கெல்லாம் விதிவிலக்கு இருக்குன்னு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்லிருக்காங்க. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு யாருன்னே தெரியாத ஒருத்தன் எங்கேயோ பிரியாணி கிண்டுற வீடியோவ பாத்துக்கிட்டு கெடக்குறதுக்கு எந்த ஆலிம்கிட்டயும் விதிவிலக்கு கெடைக்காது. எங்க வீட்டுல இஷா ஜமாஅத் எட்டேகாலுக்கு, சாப்பாடு, பிள்ளைங்களோட கொஞ்சம் அரட்டை, பத்து மணிக்கு லைட்டு ஆஃப். கல்யாண சீசன்ல இது கெடும், வலிமா ராத்திரில வச்சா பதினொண்ணு ஆயிடும், அத ஒண்ணும் செய்ய முடியாது. ஃபோன் ஹால்ல சார்ஜ் ஏறும், ரூமுக்குள்ள வராது. இதுக்கு ஆரம்பத்துல வீட்டுல பெரிய எதிர்ப்பு இருந்துச்சு, பெரியவன் காலேஜ் போறவன், அவன் மொகத்த பாக்கணுமே. இப்போ அவனே பழகிட்டான்.

லுஹர் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ஒண்ணேகாலுக்கு ஜமாஅத், போயிட்டு வந்து சாப்பாடு, அப்புறம் ஒரு இருவது நிமிஷம் கண்ண மூடுறது, கைலூலா, சுன்னத்தும் (நபி வழியும்) ஆச்சு, மதிய நேரத்துல தூங்கி வழிஞ்சுக்கிட்டே தப்பு தப்பா என்ட்ரி போடுறதும் மிச்சமாச்சு. ஒரே ஒரு விஷயம், பார்ட்டிங்களுக்கு டைம் குடுக்குறப்போ நான் மணி சொல்றதில்ல, லுஹருக்கு அப்புறம் வாங்க, அஸருக்கு முன்னாடி வாங்கன்னுதான் சொல்வேன். முஸ்லிம் அல்லாதவங்களும் நெறைய பேரு என்கிட்ட வர்றாங்க, பெரிய கடை வீதில பாத்திரக்கடை வச்சிருக்குற ஒரு அண்ணாச்சி இப்போ என்னைவிட கரெக்டா வக்து சொல்வாரு, "பாய், மூணரைக்கு வர்றேன், நாலரைக்குத்தான உங்க தொழுகை"ன்னு. நாம வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வேலை இருக்கு வெளிய போயிட்டு வர்றேன்னு மழுப்புனாத்தான் அவங்களுக்குக் கொழப்பம். தொழப் போறேன், இருவது நிமிஷத்துல வந்துடுவேன்னு நேரா சொன்னா யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா சொன்ன இருவது நிமிஷத்துல வந்துடணும். தொழுதுட்டு பள்ளிவாசல் வாசல்ல நின்னு முக்கா மணி நேரம் அரசியல் பேசிட்டு வந்து, தொழுகைக்குப் போனேன்னு சொல்றது இருக்கே, அது தொழுகைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்குற வேலை.

அஸர்தான் உண்மையான பரீட்சை. வேலை பாக்குற எவனக் கேட்டாலும் சொல்வான். பஜ்ருக்கு தூக்கம் மட்டும்தான் எதிரி, அஸருக்கு உலகமே எதிரி, அந்த நேரத்துலதான் பார்ட்டி வருவான், பேங்க்லேருந்து ஃபோன் வரும், 20-ஆம் தேதின்னா கேக்கவே வேணாம், எல்லாரும் கடைசி நேரத்துல சலான் கட்டுறதுக்கு வரிசைல நிப்பாங்க. அஸர் தொழுகை தவறிப் போனவன் குடும்பத்தையும் சொத்தையும் பறிகுடுத்தவன் மாதிரின்னு இப்னு உமர் (ரலி) அறிவிக்கிற ஹதீஸ் இருக்கு. அந்த நேரத்துல நாம எதுக்காக தொழுகைய தள்ளிப் போடுறோம்? குடும்பத்துக்கும் சொத்துக்கும்தான! அதனால 20-ஆம் தேதிங்குறது எனக்கு 17-ஆம் தேதியே முடிஞ்சிடணும்னு ஒரு கட்டாயம் வச்சிருக்கேன். 14-ஆம் தேதி 2பி வந்ததும் 15, 16 ரெண்டு நாளும் அதிகாலைல ஒத்துப் பாத்துட்டா 17-ல பார்ட்டிக்கு எவ்ளோ கட்டணும்னு மெசேஜ் போயிடும். பணம் கடைசி நாள் வரைக்கும் இழுக்குறது அவங்க வழக்கம், அத மாத்த முடியாது, ஆனா என் பக்க வேலை எதுவும் அஸர் நேரத்துல தொங்கிக்கிட்டு இருக்காது.

என் வீட்டம்மாவுக்கு இந்தப் பிரச்சனை இன்னும் முன்னாடியே வந்துடும். அவங்க காயல்பட்டினம், ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி). நாங்க ராவுத்தர் வீடு, ஹனஃபி. பொருளோட நிழல் அதோட அளவுக்கு வந்தாலே ஷாஃபில அஸர் வக்து ஆரம்பிச்சிடும், ஹனஃபில ரெண்டு மடங்கு ஆகணும். திருச்சிக் கணக்குல அவங்களுக்கு மூணேகால், மூணரை வாக்குல, எனக்கு அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு. ஒரே வீட்டுல ரெண்டு அஸரு! கல்யாணமான புதுசுல எங்கம்மாவுக்கு இது ஒரு வேடிக்கையா இருந்துச்சு, என்ன மருமவ இப்பவே முசல்லாவ விரிக்கிறான்னு. ஆனா இதுல ஒரு லாபம் கெடச்சுது. அவங்க மூணரைக்கே தொழுது முடிச்சு ஸ்கூல்லேருந்து சின்னது வர்றதுக்கு ரெடியா இருப்பாங்க, நான் நாலரைக்குத் தொழுதுட்டு அத்தாவையும் அம்மாவையும் பாக்கப் போவேன், அவங்க ரெண்டு தெரு தள்ளி தம்பி வீட்டுல இருக்காங்க.

அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவுல இருக்குற அந்த ஒண்ணரை மணி நேரத்த நான் வேலைக்குக் குடுக்குறதே இல்ல, இது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கு, பீக் அவர்ஸ் ஆச்சே பாய்ம்பாங்க. ஆபீஸ்ல பையன் இருப்பான், பேப்பர் வாங்கி வைப்பான். நான் அத்தா கூட உக்காந்து டீ குடிப்பேன், அவரு அன்னைக்கு பேப்பர்ல வந்தத எல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டுவாரு, நான் காலைலயே ஃபோன்ல படிச்சதுதான், இருந்தாலும் கேப்பேன். நோயாளியப் பாக்கணுமா, மையத்து வீட்டுக்குப் போகணுமா, ஜமாஅத் ஆபீஸ்ல ஒரு கணக்கு பாத்துக் குடுக்கணுமா, எல்லாம் அதுக்குள்ளதான். மனுஷங்களுக்குன்னு தனியா ஒரு நேரம் ஒதுக்கலன்னா அவங்களுக்கு எப்பவும் மிச்சம் மீதிதான் போய்ச் சேரும். நபித்தோழர் ஸல்மான் (ரலி) இன்னொரு தோழர் அபூ தர்தா (ரலி) வீட்டுக்குப் போன சம்பவம் தெரிஞ்சிருக்கும், பகலெல்லாம் நோன்பு, ராத்திரியெல்லாம் தொழுகைன்னு இருந்த அபூ தர்தாவ ஸல்மான் தடுத்து, உன் ரப்புக்கு (இறைவனுக்கு) உன் மேல ஹக்கு (உரிமை) இருக்கு, உன் ஒடம்புக்கு இருக்கு, உன் குடும்பத்துக்கு இருக்கு, ஒவ்வொருத்தர் ஹக்கையும் குடுன்னு சொன்னாங்க. ஸல்மான் சொன்னது உண்மைன்னு ரசூலுல்லாஹ்வும் (ஸல்) சொல்லிட்டாங்க. இபாதத்துக்கே (வணக்கத்துக்கே) அந்தக் கட்டுப்பாடுன்னா ஜிஎஸ்டிக்கு எவ்ளோ இருக்கணும்!

அடுத்து சொல்றது சில பேருக்குப் புடிக்காது. ஒரு முஸ்லிமோட நாள் அர்த்தமுள்ளதா இருக்கணும்னா தொழுகை டைம் டேபிள் மட்டும் போதாது, நடுவுல இருக்குற வேலை என்ன வேலைங்குறது முக்கியம். என் தொழில்ல வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது வந்து கேப்பாங்க, "பாய், சரக்கு வேணாம், பில்லு மட்டும் ஏற்பாடு பண்ணிக் குடுங்க, கிரெடிட் எடுத்து வரில கழிச்சுக்குறேன், உங்களுக்கு பர்சென்டேஜ்." கேக்குறவங்கள்ல தொழுகைல முதல் ஸஃப்ல (வரிசைல) நிக்குறவங்களும் இருக்காங்க, அதுதான் கொடுமை. சட்டப்படி பாத்தாலும் அப்படி எடுத்த கிரெடிட் 5 கோடிக்கு மேல போனா 5 வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஆனா அந்த பயத்துல வேணாங்குறது வேற, ஹராம்னு வேணாங்குறது வேற. அமல்கள் (செயல்கள்) எல்லாம் நிய்யத்த (எண்ணத்த) வச்சுத்தாங்குற ஹதீஸ புகாரில முதல் ஹதீஸா வச்சிருக்காங்க. அத நம்ம ஆளுங்க நல்லா வளைச்சு, என் நிய்யத்து நல்லதுதான், பிள்ளைங்களுக்காகத்தான் செய்றேம்பாங்க. திருடுன காசுல பிள்ளைக்கு சோறு போட்டா நிய்யத்து எங்க காப்பாத்தும்? சரியா செய்யுற வேலைய, நான் ஹலாலா சம்பாதிச்சு குடும்பத்த காப்பாத்துறேன், இந்த மனுஷனோட அமானிதத்த பத்திரமா முடிச்சுக் குடுக்குறேன்னு நெனச்சு செஞ்சா அந்த என்ட்ரி போடுற வேலையே இபாதத்துல சேரும்னு ஆலிம்கள் சொல்றாங்க. தன் கையால ஒழச்சு சாப்பிடுறதவிட நல்ல சாப்பாடு யாரும் சாப்பிட்டதில்ல, தாவூது நபியும் தன் கையால ஒழச்சுத்தான் சாப்பிட்டாங்கன்னு ஹதீஸ் இருக்கு. தாவூது நபி அரசரு வேற.

இன்னொண்ணு. இந்த டைம் மேனேஜ்மென்ட் பேச்செல்லாம் ஆம்பளைங்க பேசுறது, என்னையும் சேத்துத்தான். ஃபோன் அடிக்காத ரெண்டு மணி நேரம் எனக்குக் கெடைக்குதுன்னா, அந்த நேரத்துல அடுப்படில ஒருத்தர் நின்னுக்கிட்டு இருக்காங்க, சின்னத ஆறரைக்கு மதரஸாவுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் ஸ்கூல் வேனுக்கு ரெடி பண்ணி, டிஃபன் கட்டி. அவங்களுக்கு அதிகாலை பரக்கத்து எங்க? வீட்டுல இருக்கும்போது ரசூலுல்லாஹ் (ஸல்) என்ன செய்வாங்கன்னு கேட்டதுக்கு ஆயிஷா (ரலி) சொன்ன பதில் ரொம்ப சாதாரணமா இருக்கும், வீட்டு வேலைல ஒத்தாசையா இருப்பாங்க, தொழுகை நேரம் வந்தா தொழுகைக்குப் போயிடுவாங்க. அவ்ளோதான். அதனால எங்க வீட்டுல வாரத்துல பாதி நாள் மதரஸாவுக்கு விடுறதும் டிஃபன் கட்டுறதும் என் பொறுப்பு, அந்த நாள்ல அவங்க ஓதுவாங்க, ஹிஃப்ளு (குர்ஆன் மனப்பாடம்) பண்ணிக்கிட்டு இருக்காங்க, இப்போ குர்ஆனோட முப்பது ஜுஸ்வுல (பாகத்துல) முப்பதாவது முடிஞ்சு அதுக்கு முந்தின தபாரக் ஓடுது. மெதுவாத்தான் போகுது. அமல்கள்ல அல்லாஹ்வுக்குப் புடிச்சது கொஞ்சமா இருந்தாலும் விடாம செய்யுறதுன்னு ஹதீஸே இருக்கே, ஒரு நாளைக்கு ரெண்டு ஆயத்துன்னா ரெண்டு ஆயத்து. என் இட்லி மட்டும் இன்னும் சரியா வரல, சின்னது முறைச்சுக்கிட்டே சாப்பிடும்.

ரமலான் வந்தா இந்த டைம் டேபிள் மொத்தமும் மாறும், மாறணும். 2025 எங்க தொழில்காரங்களுக்கு மறக்காது, மார்ச் மாசம் முழுக்க நோன்பு, பெருநாள் கரெக்டா மார்ச் 31. நிதியாண்டோட கடைசி நாள்! அரசாங்க வரவு செலவு பாக்குற பேங்குகள அன்னைக்கு தொறந்து வைக்கச் சொல்லி ரிசர்வ் பேங்க் அறிவிச்சிருந்துச்சு. ஊரே ஈத்கா மைதானத்துல பெருநாள் தொழுகைல இருக்க நாங்க பேலன்ஸ் ஷீட்டோட இருக்கணுமான்னு ஒரு பீதி ஓடிச்சு. ஆனா பிறை கணக்கு திடீர்னு வர்றதா என்ன, வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னாடி நகரும்னு எல்லாருக்கும் தெரியும். நான் ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாசத்துலயே, அதாவது பிப்ரவரிலயே, முடிக்கக்கூடியத முடிச்சிட்டேன், மிச்சத்த நோன்புல பஜ்ருலேருந்து பதினோரு மணிக்குள்ள. நோன்பு வச்சிருக்கும்போது மண்டை அதுவரைக்கும்தான் நல்லா ஓடும், மூணு மணிக்கு மேல நோன்புக் கஞ்சி நெனப்புதான். தராவீஹ் (ரமலான் ராத்திரித் தொழுகை) முடிஞ்சு வந்து ராத்திரி வேலை பாக்குறேன்னு சொல்றவங்கள நான் பாத்துட்டேன், ரெண்டாவது வாரத்துல ஸஹர் சாப்பாட்டுக்கே எந்திரிக்க மாட்டாங்க. ஓதுறதுக்கு பழைய வழிதான் நல்ல வழி, மதீனா முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) 604 பக்கம், ஒவ்வொரு தொழுகைக்கு அப்புறமும் நாலு பக்கம் ஓதுனா ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு ஜுஸ்வு, மாசத்துல ஒரு ஹத்தம் (முழுக் குர்ஆன்).

ஜகாத்தும் (ஏழைகளுக்குக் குடுக்க வேண்டிய கட்டாய தர்மம்) அப்பதான் பாப்பேன், இங்க ஒரு கணக்குப்பிள்ளை விஷயம் சொல்லிடுறேன். ஜகாத்துக்கு வருஷம்னா பிறை வருஷம், 354 நாள் சொச்சம். கடைக் கணக்கு ஏப்ரல்லேருந்து மார்ச், 365 நாள். கடைக் கணக்கு வருஷத்துக்கே ஜகாத்து பாக்குறவங்க இரண்டரை சதவீதம்னு போட்டா அந்த 11 நாளைக்கு உண்டானது விட்டுப் போகும், அதுக்கு 2.577ன்னு போடணும். கேக்க சின்ன வித்தியாசம், 1 கோடிக்கு 7,700 ரூபா, ஒரு ஏழை வீட்டுக்கு ஒரு மாச மளிகை. இதனாலதான் என்கிட்ட வர்ற நம்ம ஆளுங்களுக்கு ரமலான் ஒண்ணாம் தேதி ஸ்டாக்கும் கையிருப்பும் தனியா ஒரு பேப்பர்ல எழுதி வைங்கன்னு சொல்றது, அத செஞ்சுட்டா சதவீதத்துல கொழப்பமே இல்ல.

வெள்ளிக்கிழமையோட முடிச்சிக்கிறேன், ஏன்னா நெறைய சண்டை அதுலதான். வெள்ளிக்கிழமை லீவுன்னு நெனைக்கிற ஒரு பழக்கம் நம்மகிட்ட இருக்கு. பதினொரு மணிக்கு குளிக்கப் போயி, ஜும்ஆ (வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை) முடிஞ்சு பிரியாணி சாப்பிட்டு, தூங்கி, அஞ்சு மணிக்கு கடைக்கு வருவாங்க. சூரா ஜும்ஆவுல 9-ஆவது வசனம் பாங்கு சொன்னா யாவாரத்த விட்டுட்டு வாங்கங்குது, அதுக்கு அடுத்த வசனமே தொழுகை முடிஞ்சதும் பூமில பரவிப் போய் அல்லாஹ்வோட அருளைத் தேடுங்க, அல்லாஹ்வ அதிகமா நெனைங்கங்குது. முதல் வசனத்த மட்டும் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவத விட்டுட்டோம். அதே மாதிரி எதிர்ப்பக்கமும் இருக்கு, பயான் (பிரசங்கம்) பாதிக்கு மேல போனதும் வந்து செருப்பு விடுற எடத்துல நின்னு ரெண்டு ரக்அத் தொழுதுட்டு சலாம் குடுத்த கையோட பைக்க எடுக்குறவங்க. நகம் வெட்டி, குளிச்சு, அத்தர் போட்டு, சூரா கஹ்ஃப் ஓதி, சீக்கிரமா போயி உக்காருங்க, முழு மனசா தொழுங்க. அப்புறம் சாப்டுட்டு கடையத் தொறங்க. எங்க ஆபீஸ் வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு மூடி மூணு மணிக்குத் தொறக்கும், பாக்கி ஃபைல் இருக்குறவங்க அதுக்கு மேல வாங்க, அஸருக்கு முன்னாடி வந்தா இன்னும் நல்லது.